இரவு வார்டில் ஒரே சிஸ்டர்

1983. நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த முதல் மாதம், ஆண்கள் வார்டில் நைட் டியூட்டி. கட்டிலில் நாற்பது பேர், வராந்தாவில் பாய் போட்டு இன்னும் இருபது பேர். சிஸ்டர் நான் ஒருத்திதான். ஒரு கோடியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். மறுகோடியில் ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறியது எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் ஓடிவந்து சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. கேஸ் ஷீட்டில் நேரத்தை எழுதும்போது என் கை நடுங்கியது.

இந்தப் பற்றாக்குறை எனக்கும் மூத்தது. மதராஸ் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் நான்கே பேர். நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946-இல் அறிக்கை தந்த போர் (Bhore) குழுவின் கணக்குப்படி நாடு முழுவதற்கும் செவிலியர் ஏறக்குறைய 7,000 பேர்தான். அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர். 500 பேருக்கு ஒருவர் வேண்டும் என்றது குழு. அந்த அறிக்கை வந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்துத்தான் நான் அந்த வார்டில் தனியாக நின்றேன்.

2002-இல் அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் குழுவினர் பென்சில்வேனியா மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் மரண வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று கலிபோர்னியா 1999-இலேயே சட்டம் இயற்றி, 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. ஐக்கன் குழுவின் ஆய்வைப் படித்த அன்று அந்தப் பெரியவரின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

உங்கள் வீட்டாரை வார்டில் சேர்க்கும்போது கட்டில், மருந்து, டாக்டர் பற்றியெல்லாம் விசாரிக்கிறீர்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை சிஸ்டர் என்றும் தயவுசெய்து கேளுங்கள்.