இலவசக் குளிகையின் விலை

மலையகத் தோட்டங்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் சட்டத்தின் கைப்பிடித்தே வந்தது. 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தபோது மலைகளில் ஆண்டது கோப்பி. தேயிலையின் ஆட்சி பின்னர்தான். லயங்களை அன்று சூறையாடியவை காய்ச்சலும் பேதியும். 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் தொடங்கிய இயக்கமோ கொக்கிப்புழுவைத் தேடி வந்தது. கூடையைத் தோளிலிருந்து இறக்கவைக்கும் நோய்க்கே மருந்து கிடைத்தது. உயர் இரத்த அழுத்தம் கூடையை உடனே இறக்கவைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி இருந்து, ஒருநாள் பக்கவாதமாய் வீழ்த்தும். உழைப்பைக் காக்க எழுந்த வைத்தியத்தின் கணக்கில் அது பின்தங்கியதை நாம் வியக்கவேண்டியதில்லை.

1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் இட்டு ஆராய்ந்துவந்தார். குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்பில் துடித்த இதயம், வாலைநீரில் கரைத்த உப்பில் ஓய்ந்துபோயிற்று. குழாய்த் தண்ணீரிலிருந்த கல்சியமே வேறுபாடு! 1960களில் ஜெர்மனியின் பிரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் பிளெக்கென்ஸ்டைன் மறுபுறமிருந்து வந்தார்: சில மருந்துகள் கல்சியத்தின் வேலையைத் தடுப்பதை அவர் கண்டார். நாடிச்சுவரின் தசைக்குள் கல்சியம் நுழையும் நுண்வாயில்களை அவை அடைக்கின்றன. தசை தளர்கிறது, நாடி விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. 1975இல் நிபெடிபின் விற்பனைக்கு வந்தது. 1990ஐ ஒட்டி அம்லோடிபின். பின்னது உடலில் நெடுநேரம் தங்குவதால் நாளொன்றுக்கு ஒரு குளிகை போதும். விடியலில் பிரட்டுக்கு ஓடுபவளுக்கு இது சிறு உதவியன்று. (சிலருக்குக் கணுக்கால் வீங்கும். நாள் முழுதும் சரிவில் நின்ற காலில், எது மருந்தின் வீக்கம், எது வேலையின் வீக்கம்?)

ஆனால் மருந்து எவர் விலைக்கு? பேராசிரியர் சேனக பிபிலேயும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் தந்த அறிக்கையை ஒட்டி 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. கம்பனி சூட்டிய பெயரை விட்டு, மருந்தின் பொதுப்பெயரில், போட்டி விலை கேட்டு மொத்தமாக வாங்குவது அதன் வழி. பிபிலே 1977இல் கயானாவில் காலமானார்; அவ்வாண்டு பதவியேற்ற அரசு தனியார் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது.

அரச மருத்துவமனைகளில் குளிகை இன்றும் இலவசம். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய புதிய மருத்துவமனை 2017இல் திறக்கப்பட்டது. ஆயினும் கிளினிக் நாளில் மலையிறங்கி, பஸ் ஏறி, வரிசையில் நின்று திரும்புவதற்குள் பகல் போய்விடும். பகலோடு பேரும் போய்விடும். நாட்கூலிக்காரிக்கு இலவசக் குளிகையின் விலை ஒருநாள் சம்பளம். பேரைக் காக்கக் கிளினிக்கை விட்டால், குளிகை தீர்ந்த சில நாட்களில் நாடிகள் பழையபடி இறுகும். உடம்பு ஒன்றும் சொல்லாது. அவளும் வழக்கம்போல் கொழுந்துக்குப் போவாள்.