தேய்ந்த தட்டுகள்

தமிழ்நாட்டில் சங்கீத சரித்திரம் எழுதுகிறவர்கள் கிராமபோன் தட்டைச் சாட்சிக்கு அழைப்பது குறைவு. குரு பரம்பரை, சபா, சமஸ்தான சன்மானம், தங்கத் தோடா இவைதான் அவர்கள் சரித்திரம். தட்டு சேகரிப்பவர்களோ சரித்திரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கீறல் விழாத பிரதி, உறை கிழியாத பிரதி, முதல் பதிப்பு என்பதோடு அவர்கள் தேடல் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு பேராலும் ஒதுக்கப்பட்டு நடுவில் ஒரு குவியல் கிடக்கிறது: முள் உழுது வெளுத்துப்போனவை, ஓரம் உடைந்தவை, கல்யாண வீட்டுப் பந்தலில் காபி சிந்தியவை. மதுரையையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் பொறுத்தவரை அந்தக் குவியல்தான் சரித்திரம் என்பது என் கட்சி. பல வருஷங்களாக நான் பொறுக்கி வைத்திருப்பதும் அதைத்தான்.

தட்டின் உடம்பிலிருந்து தொடங்குவது நல்லது. 78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. பாண்டவர்களை வைத்து எரிக்கக் கட்டிய மாளிகையும், நகைக்குள் ஆசாரி உருக்கி ஊற்றுவதும் இதே அரக்குதான். சோட்டா நாக்பூர்ப் பக்கத்துக் காடுகளில் புரசு, இலந்தைக் கொம்புகளில் ஒரு பூச்சி கசியவிடும் பிசின் அது. கல்தூளும் கரியும் கலந்து சூட்டில் அழுத்தினால் தட்டு. 1902இல் கெய்ஸ்பர்க் என்ற வெள்ளைக்காரர் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிந்தபோது மூலப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவருக்குப் போயின. அங்கே அழுத்துகிறவனுக்கு இது யார் குரல் என்று தெரிவதற்காகப் பாட்டு முடிந்ததும் பாடகியே தன் பெயரைச் சொன்னார். அரக்கு இங்கே, குரல் இங்கே, தட்டு மட்டும் அங்கே. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் இந்தக் கூத்து மாறியது.

கல்தூள் கலந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இரும்பு முள் தட்டில் இறங்கிய முதல் சில சுற்றுகளிலேயே தடத்தின் சொரசொரப்பில் உரசி, தடத்தின் வடிவத்துக்குத் தன்னைத் தீட்டிக்கொள்ள வேண்டும். முள் தேயவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒரு பக்கத்துக்கு ஒரு முள். டப்பாவில் இருநூறு முள் வரும். பக்கம் மாற்றும்போது முள்ளையும் மாற்றவேண்டும். சிக்கனக்காரர்கள் மாற்றவில்லை. கூர் மழுங்கி விளிம்பு கட்டிய அந்த முள், ஒலிப்பெட்டியின் நூறு கிராமுக்கு மேற்பட்ட கனத்தோடு, தடத்தை உளிபோல் செதுக்கியது. இன்று எல்.பி.யில் உட்காரும் முள்ளின் கனம் ஒன்றரை இரண்டு கிராம்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தக் காலத்துத் தட்டுகள் பட்ட பாடு புரியும். ஆக ஒரு தட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது எவ்வளவு கேட்கப்பட்டது என்பதையும், எந்த மாதிரி வீட்டில் கேட்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. புத்தம் புதிதாகக் கிடைக்கும் தட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. யாரும் விரும்பாத தட்டாக இருக்கவேண்டும்.

மதுரையின் குரல் முதலில் நாடக மேடைக் குரல். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை இங்கேதான் தொடங்கினார். விடிய விடிய நடந்த நாடகத்தில் ஒரு பாட்டு எவ்வளவு நேரம் போகும் என்பதைச் சபையும் 'ஒன்ஸ்மோர்' கூச்சலும்தான் தீர்மானித்தன. பத்து அங்குலத் தட்டு அதை மூன்று நிமிஷத்தில் அடக்கச் சொன்னது. இதைச் சீரழிவு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்வோம். 1933இல், இருபத்தேழு வயதில், செத்துப்போனார். சினிமாவில் நடித்ததில்லை. அவர் குரல் எப்படி இருந்தது என்பதற்கு இன்று இருக்கும் ஒரே அத்தாட்சி அந்த மூன்று மூன்று நிமிஷங்கள்தான். அவற்றில் நேரத்துக்குள் முடித்துவிட வேண்டுமே என்ற அவசரம் தெரிகிறது. அந்த அவசரமே ஒரு பாவமாகிவிடுகிறது. மேடையில் அது கிடைத்திருக்காது.

தட்டு எப்போதும் உண்மை பேசும் என்றும் நம்பிவிடக் கூடாது. மதுரைக்காரர்களின் ராயல் டாக்கி கம்பெனி 1937இல் எடுத்த 'சிந்தாமணி' தியாகராஜ பாகவதரை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது. படத்தின் லாபத்தில் மதுரையில் சிந்தாமணி டாக்கீஸ் எழுந்தது ஊரறிந்த கதை. ஆனால் அந்தப் படப் பாட்டுகளுக்கு முதலில் வந்த தட்டுகளில் பாடியது பாகவதர் அல்ல, துறையூர் ராஜகோபால சர்மா. திரையில் ஒரு குரல், திண்ணையில் வேறு குரல். ஜனங்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள். அசல், நகல் என்ற பேதம் நாம் பின்னால் கற்றுக்கொண்டது.

இதன் பின்னணியில் இருந்த வியாபாரமும் இந்தச் சீமையைச் சேர்ந்ததே. காரைக்குடியில் அப்பாவின் ஏ.வி. அண்டு சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டு விற்ற மெய்யப்பன், விற்பதைவிடத் தயாரிப்பதில் காசு இருக்கிறதென்று கண்டு, 1932இல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் முத்திரையில் தட்டுகள் வந்தன. தட்டில் பிடித்த ருசிதான் அவரை 1935இல் 'அல்லி அர்ஜுனா' என்று சினிமாவுக்குள் இழுத்துப் போட்டது. முதல் படத்தில் கையைச் சுட்டுக்கொண்டார். ஏவி.எம். வரலாற்றைச் சினிமாவிலிருந்து தொடங்குகிறவர்கள் ஒரு தட்டுக் கடையைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தட்டு வாங்க வசதியில்லாதவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் இருந்தது. புது மண்டபத்தில் புத்தகக் கடைகள் இருந்த காலத்தில் அங்கே காலணா, அரையணாவுக்கு வாங்கி, தெருவில் எங்கோ சுழலும் தட்டோடு கூடச் சேர்ந்து பாடலாம். 1939 வரை மீனாட்சி கோவிலுக்குள் எல்லோரும் போக முடியாது என்றிருந்த ஊரில், தெருவில் சுழலும் தட்டை யார் கேட்கலாம் என்று யாராலும் உத்தரவு போட முடியவில்லை. சங்கீதத்துக்கு இதைவிடப் பெரிய காரியம் எந்த சபாவும் செய்துவிடவில்லை.

இதோடு சேர்த்து மதுரை என்ற முன்னொட்டோடு வரும் பெயர்களையும் சொல்லவேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமி (1916) பத்து வயது வாக்கிலேயே தட்டில் பாடிவிட்டார். மணி ஐயர் நேர் எதிர். அவர் தட்டில் இருப்பது கொஞ்சம். கச்சேரிகளில் ரசிகர்கள் எடுத்த டேப்புகளில்தான் அவர் வாழ்கிறார். இவர்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள்.

எழுத ஆளில்லாதவர் மைக்செட்டுக்காரர். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கங்களில் காதுகுத்து, சடங்கு, கிடாவெட்டு, முளைப்பாரி எதுவானாலும் முதலில் வருகிறவர் அவர். தென்னை உச்சியில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, சீர்காழியின் பிள்ளையார் பாட்டில் தொடங்குவார். ஆடியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. மதுரையிலேயே பிறந்த சௌந்தரராஜனின் முருகன் பாட்டுகள். ராத்திரி கட்டபொம்மன் வசனம். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, மணமகன் வரும்போது எது, சம்பந்திச் சண்டை மூளும்போது எது என்பதெல்லாம் அவர் தீர்ப்பு. நம் விமர்சகர்கள் தேடிக்கொண்டிருந்த 'வெகுஜன ரசனை'யைத் தொகுத்துக் கொடுத்த தொகுப்பாசிரியர் அவர்தான். மின்சாரம் வராத ஊர்களுக்குச் சாவி கொடுக்கும் பெட்டி போயிற்று. இந்தியாவில் 1960களின் நடுவிலும் 78 சுற்றுத் தட்டு அழுத்திக்கொண்டிருந்ததற்கு அந்தப் பெட்டிகளே காரணம். பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட நாம் அரக்கில் வார்த்தோம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இப்போது அவற்றுக்கு என்ன விலையும் கொடுக்கிறார்கள். பிறகு 45 சுற்று இ.பி.யும், எல்.பி.யும் அந்த இடத்தைப் பிடித்தன. பண்ணைப்புரத்து இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்தபோது கூம்புகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பின. எண்பதுகளில் கேசட் வந்தது. மைக்செட்டுக்காரர்கள் தட்டுப் பெட்டிகளைப் பரணில் போட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் இங்கே தட்டு அழுத்துவதே நின்றுபோயிற்று.

பரண்தான் எமன். வினைல் அறுபது டிகிரிச் சூட்டில் நெளிய ஆரம்பிக்கும். மதுரையில் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் மத்தியானம் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. படுக்கவைத்து அடுக்கியிருந்தால் அடித்தட்டு வளைந்திருக்கும். நிமிர்த்தி நிறுத்தவேண்டும், சாய்க்காமல். ஐப்பசி கார்த்திகையில் காகித உறையில் பூசணம் பிடிக்கும். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வட்டத்தாள் நனையாமல், ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்ட சுத்தமான தண்ணீரில், தடத்தின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் கழுவி, நிழலில் காயவைக்க வேண்டும். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டுவிடக் கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். வார்னிஷ் அடிக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நெளிந்த எல்.பி.யை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து வெயிலில் காட்டி நேராக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. மதுரை வெயிலை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது என் கையில் இல்லை.

தேய்ந்த தட்டு செத்த தட்டு என்பது சேகரிப்பாளர்களின் மூடநம்பிக்கை. தடத்தின் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. பழைய முள் எந்த உயரத்தில் உராய்ந்ததோ அந்தப் பட்டை மட்டும்தான் போயிருக்கும். வேறு அகலமுள்ள முள்ளை வைத்தால் அது சற்று மேலேயோ கீழேயோ, யாரும் இதுவரை தொடாத சுவரில் உட்காரும். எல்.பி. முள்ளை 78 தட்டில் வைத்தால் தடத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் இரைந்துகொண்டு போகும். 78க்கு அதைப்போல் சுமார் மூன்று மடங்கு பருமனான முள் வேண்டும். அதிலும் இரண்டு மூன்று அளவுகளை வைத்துப் பார்க்கவேண்டும். பழைய பதிவுகளை மீட்டெடுக்கும் பொறியாளர்கள் எங்கும் செய்வது இதுதான். மைக்செட்டுக்காரர் வீட்டு நாடக செட் தட்டு ஒன்று, பழைய முள்ளில் வெறும் இரைச்சலாக இருந்தது, மூன்றாவது முள்ளில் ஹார்மோனியமும் ஒரு பெண் குரலும் கொடுத்தது. வட்டத்தாளில் பாடியவர் பெயர் கிழிந்துபோயிருக்கிறது. மிச்சமிருப்பது, செட்டுக்காரர் தன் கணக்குக்காகச் சிவப்புப் பெயின்டில் எழுதிய 114 என்ற எண். மற்ற 113 தட்டுகளும் எந்தெந்த ஊர்களில் கிடக்கின்றன என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.