வைசியாள் வீதியும் எங்க வீட்டுப் பொதுச்சுவரும்

இங்கிலீஷ்காரன் 'டெரஸ்'னு சொன்னா மொட்டைமாடி மட்டும் இல்லையாம். ஒரே சுவரை ரெண்டு பக்கமும் பங்கு போட்டுக்கிட்டு வரிசையா நிக்கிற வீடுகளுக்கும் அதான் பேராம். இது தெரியாம, அந்த ஊர் பிபரி கிராமத்து 'ஆர்லிங்டன் ரோ' படத்தை வச்சுக்கிட்டு எங்கய்யா மாடின்னு தேடிட்டிருந்தேன் :-) 1380-ல் மடாலயத்துக் கம்பளிக் கிடங்கா கட்டினது. 17-ஆம் நூற்றாண்டுல நெசவாளர்களுக்காக சின்னச் சின்ன வீடுகளா பிரிச்சிருக்காங்க. இன்னும் நிக்குது.

அட, இது நம்ம தெருவாச்சே! கிளியனூர்ல எங்க பாட்டி வீடும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அங்க உரல்ல இடிச்சா எங்க மாடத்து டம்ளர் ஆடும்.

இந்த மாதிரி ஒரு வரிசையை முழுசா பார்க்கணும்னா கிளியனூர்ல பஸ் ஏறி பாண்டிக்குப் போனா போதும். மிஷன் வீதிக்கும் காந்தி வீதிக்கும் நடுவுல வைசியாள் வீதி. கல்வே சுப்பராயச் செட்டியார் வீதின்னும் சொல்வாங்க. பாண்டின்னாலே எல்லாரும் கடற்கரைப் பக்கம் மஞ்சச் சுவர் முன்னாடி போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க. பெரிய வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வர்றவங்க கம்மி.

இந்த ஊரோட நேர்க்கோட்டு வீதிகளுக்கு வரைபடம் போட்டது பிரெஞ்சுக்காரங்க இல்லை. 1693-ல் ஊரைப் பிடிச்சு 1699 வரைக்கும் வச்சிருந்த டச்சுக்காரங்க. 1761-ல் ஆங்கிலேயர்கள் பிடிச்சப்ப கோட்டையோட சேர்த்து ஊரையே தரைமட்டமாக்கினாங்க. தப்பினதுல ஒண்ணு ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. 1765-ல் பிரெஞ்சுக்காரங்க கைக்குத் திரும்பின பிறகு, அதே பழைய வீதிக் கோட்டு மேலயே மறுபடி கட்டினாங்க. இன்னைக்கு நாம பார்க்கிற வீடுகள் அதுக்கப்புறம் எழுந்தவை.

வைசியாள் வீதியில என்னை நிறுத்தினது தாழ்வாரம். தெருவை ஒட்டி ஒரு மேடை, அதுக்கு மேல மரத்தூண் தாங்குற சாய்ப்பு ஓடு. அதுக்கு உள்ளே திண்ணை, அப்புறம் வாசக்கதவு, ரேழி, முற்றம். திண்ணை வந்தவங்களுக்கு. தாழ்வாரம் தெருவுக்கே. ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடியற இடத்துல அடுத்த வீட்டோடது ஆரம்பிக்கும். வெயிலோ மழையோ நிழலுக்குள்ளயே நடந்துடலாம். கீழே இப்படித் தமிழ் வீடு. சில வீட்டுல மேலே ஏறினா வளைவு ஜன்னல், சுண்ணாம்புச் சாந்துல பூவேலைன்னு பிரெஞ்சு மாடி. மாடித்தளம் நம்ம மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டை மேல சின்னச் செங்கல்லை குத்துவசமா சாய்ச்சு அடுக்கி சுண்ணாம்பு போட்டது. (இங்க டெரஸ்னா மாடியேதான், அப்பாடா.)

ஒவ்வொண்ணும் தனித்தனியா பார்த்தா சாதாரண வீடுதான். அதனாலதான் ஆபத்தும். நடுவுல ஒருத்தர் கார் நிறுத்த தாழ்வாரத்தை எடுத்துட்டா அவருக்கு நஷ்டமில்லை, தெருவுக்குத்தான் நிழல் அறுந்துடும். இன்டாக் அமைப்பு இதைப் புரிஞ்சுக்கிட்டு, 2000களின் தொடக்கத்துல, ஒரு வீட்டை எடுக்காம தெருவையே எடுத்துக்கிட்டாங்க. ஐரோப்பிய ஒன்றியத்தோட ஆசியா அர்ப்ஸ் திட்டம். கூட்டு இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நவ்-சூர்-லோ. சுமார் 20 வீட்டு முகப்புகளை பழையபடி சரி பண்ணாங்க. 2008-ல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைச்சுது. விருதை விட, வீட்டுக்காரங்க அத்தனை பேரையும் ஒத்துக்க வச்சாங்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். எங்க தெருவுல மூணு வீடு சேர்ந்து சாக்கடை அடைப்பு எடுக்கிறதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சுங்க.

எங்க வீட்டுத் திண்ணையை இடிச்சது வேற யாரும் இல்லை, அப்பாதான். ஸ்கூட்டர் ஏத்தணும்னு. நானும் கூட நின்னு செங்கல் அள்ளிப் போட்டேன், சந்தோஷமா. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரங்க வித்துட்டாங்க. வாங்கினவர் மொத்தமா இடிச்சுட்டார். அப்பத்தான் எங்க சுவரோட மறுபக்கத்தை முதல் தடவையா பார்த்தேன். அவங்க மாடத்துல விளக்கெண்ணெய்க் கறை, உத்திரக் கட்டை சொருகின ஓட்டைகள் வரிசையா. இந்த ஐப்பசி மழையில அந்த ஓட்டை வழியா தண்ணி இறங்கி பாட்டி படுத்திருந்த இடம் ஊறிப் போச்சு.

பொங்கலுக்கு அண்ணன் வர்றார். இடிச்சுட்டு கான்கிரீட் போடலாம்ங்கிறார். சுண்ணாம்பு பூசத் தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தர் திண்டிவனத்துல இருக்கார்னு சொன்னாங்க, அதுக்குள்ள போய்ப் பார்த்துட்டு வரணும்.