கொதிக்க வைக்காத கஷாயம்

பச்சிலை வைத்தியம் என்றதும் நமக்குக் கஷாயம்தான் ஞாபகம் வரும். கொதிக்க வை, வடிகட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி. பெய்ஜிங்கில் தூ யூயூவின் குழுவும் முதலில் மூலிகைகளைச் சூடாக்கித்தான் சாறு எடுத்தது.

வியட்நாம் போரில் குண்டுகளோடு மலேரியாவும் வீரர்களைச் சாய்த்தது. குளோரோகுயினுக்கு ஒட்டுண்ணி அடங்கவில்லை. 1967 மே 23 அன்று சீனா ஒரு ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. தேதியே பெயரானது: திட்டம் 523. 1969இல் மூலிகை ஆய்வுப் பொறுப்பு தூ யூயூவிடம் வந்தது. வயது 38. முனைவர் பட்டமெல்லாம் கிடையாது. கலாச்சாரப் புரட்சிக் காலம்; கணவரைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, நோயாளிகளைப் பார்க்க ஹைனான் தீவுக்குப் போனார். திரும்பி வந்தபோது குழந்தைக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. விடாமுயற்சி பற்றிய போஸ்டர்களில் இந்தக் கணக்கு வராது.

பழைய நூல்களிலிருந்தும் நாட்டு வைத்தியர்களிடமிருந்தும் சுமார் 2000 குறிப்புகள் சேர்த்தார். ஏறக்குறைய 200 மூலிகைகள், 380க்கும் மேற்பட்ட சாறுகள், எல்லாம் எலிகளிடம் போயின. நம்ம ஊர் மாசிபத்திரியின் உறவுச்செடியான சிங்ஹாவ் ஒருமுறை ஒட்டுண்ணியை 68 சதவீதம் அடக்கியது. திரும்பச் செய்தால் அந்த எண் வரவே இல்லை. சரி, இது ஆகாது என்று தூக்கிப்போட்டிருக்கலாம்.

அவர் மறுபடி புத்தகத்தைத் திறந்தார். நான்காம் நூற்றாண்டில் கெ ஹொங் எழுதிய அவசர வைத்தியக் கைநூல். சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தார் கெ ஹொங். அடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்படியானால் சூடுதான் மருந்தைக் கொல்கிறதோ?

சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபர் 4. மாதிரி எண் 191. எலிகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணியே இல்லை.

மருந்தாலைகள் முடங்கியிருந்ததால், வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் ஊறவைத்து அதிக அளவில் சாறெடுத்தார்கள். 1972இல் தூவும் சக ஊழியர்களும் முதலில் தாங்களே அதை உட்கொண்டு பார்த்தார்கள். அதிலிருந்து பிரித்த ஆர்ட்டெமிசினின் பிறகு லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. 2015இல் நோபல் பரிசு வந்தது.

'ஒரு பழைய வரியால் கிடைத்த அதிர்ஷ்டம்' என்று இதைச் சொல்லிவிட முடியும். ஆனா அந்த வரி 1600 வருஷமாக அங்கேயேதான் கிடந்தது. எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். சூடாக்கிச் சூடாக்கித் தோற்ற ஒருத்திக்குத்தான், அங்கே அடுப்பு இல்லாதது கண்ணில் பட்டது.

அந்த 380 சாறுகளையும் வீண் என்று எப்படிச் சொல்வது? அந்த ஒரு வரியைப் படிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்ததே அவைதானே.