நிறத்தை மறுத்த நார்

1941ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போர் நடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில், இங்கிலாந்தின் லங்காசயரைச் சேர்ந்த அக்கிரிங்ரன் நகரில் வின்பீல்ட், டிக்சன் என்னும் இரசாயனவியலாளர் இருவர் புதிய செயற்கை நாரொன்றைக் கண்டறிந்தனர். பின்னர் தெரிலீன் எனவும் டேக்ரோன் எனவும் உலகெங்கும் பரவிய பொலியெஸ்டரே அது. அவர்கள் பணியாற்றிய கலிக்கோ அச்சிடுவோர் சங்கம் துணிக்கு நிறம் அச்சிடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனமாகும். நிறத்தால் வாழ்ந்த அந்நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பிறந்த நாரோ நிறத்தை ஏற்க மறுத்தது. வரலாற்றின் இம்முரண் ஆராயத்தக்கது.

பருத்தியினுள் நீர் எளிதிற் புகும்; நீரோடு சாயமும் புகும். சாதாரண வளியில் பருத்தி தன் நிறையில் ஏறத்தாழ 8 சதவீத நீரை ஏற்க, பொலியெஸ்டர் ஏற்பது 0.4 சதவீதம் மட்டுமே. அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் நெருங்கி அடுங்கியவை. மின்னேற்றமுடைய சாயங்கள் பற்றிக்கொள்ளத்தக்க இடங்களும் அவற்றில் இல்லை. கழுவியவுடன் உலரும் அதன் சிறப்புக்கு எது காரணமோ, அதுவே இக்குறைக்கும் காரணமாயிற்று.

முதலில் உதவியவை, 1920களில் செலுலோசு அசற்றேற்றுப் பட்டுக்கென ஆக்கப்பட்ட, நீரிற் கரையாது நுண்துகள்களாகப் பரவி நிற்கும் சாயங்களாகும். ஆனால் கொதிநீரிலும் அவை பொலியெஸ்டரினுள் மிக மெதுவாகவே நுழைந்தன. ஆகவே நாரைத் தளர்த்தி வழிவிடச் செய்யும் பீனைல்பீனோல், இருபீனைல், முக்குளோரோபென்சீன் முதலிய பொருள்கள் சாயத்தொட்டியிற் சேர்க்கப்பட்டன. துணி நிறம் பெற்றது. ஆயின் தொழிலாளி அவற்றின் ஆவியைச் சுவாசித்தான். எஞ்சியவை கழிவுநீரோடு வெளியேறின. அடுத்து, அழுத்தக் கலன்களில் 130 பாகை செல்சியசு வரை நீரைச் சூடாக்கும் முறை வந்தது. நச்சுப்பொருளின் தேவை குறைந்தது. எரிபொருளின் தேவை மிகுந்தது.

இவையனைத்தும் நாரை மாற்றாது சாயத்தை உட்செலுத்த முனைந்த முயற்சிகளே. நாரையே மாற்றினால் என்ன என்ற வினா மற்றொரு வழியைத் திறந்தது. எரிசோடாக் கரைசலில் இட்டபோது நாரின் மேற்பரப்பிலுள்ள எசுத்தர்ப் பிணைப்புகள் அறுந்தன. துணி பட்டுப்போல் மென்மையுற்றது. நீரை விரும்பும் கூட்டங்களும் மேற்பரப்பில் தோன்றின. ஆயினும் நாரின் உட்புறம் மாறவில்லை. நிறையும் வலிமையும் குறைந்தன.

ஆதலின் மாற்றம் நார் உருவாகும்போதே நிகழவேண்டியதாயிற்று. சல்போனேற்றுக் கூட்டமுடைய ஐசோப்தலிக்கமிலப் பெறுதியைச் சிறிதளவு சேர்த்துப் பல்பகுதியத்தை ஆக்கினால், நாரில் எதிரேற்றமுள்ள இடங்கள் அமையும். நேரேற்றமுள்ள மூலச்சாயங்கள் அவற்றிலே பிணையும். இம்முறைக்கான அமெரிக்கக் காப்புரிமை 1962இல் டூபொன்ட் நிறுவனத்துக்குக் கிடைத்தது. 1856இல் பேர்க்கின் கண்டறிந்த ஊதாச் சாயமும் மூலச்சாய இனத்ததே. அவ்வினத்தின் ஒளிமிக்க நிறங்கள் புதிய நாரில் இடம்பெற்றன.

இத்தத்துவம் புதியதன்று. கலிக்கோ என்னும் பெயரே கள்ளிக்கோட்டையிலிருந்து பிறந்தது. சோழமண்டலக் கரையின் துணிவினைஞர் பருத்தித் துணிக்கு முதலிற் படிக்காரமூட்டிய பின்னரே சாயவேரின் செந்நிறத்தை அதிற் பதித்தனர். அச்சாயவேர் எமது மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அகழப்பட்டு, ஒல்லாந்தர் ஆட்சிக்கு வருவாய் ஈட்டித் தந்தது. சாயம் பற்றுவதற்கான இடத்தை முதலிற் சமைத்தல் வேண்டும் என்பதை அவ்வினைஞர் மூலக்கூற்றியல் அறியாமலே அறிந்திருந்தனர்.

எனினும் மாற்றியமைத்த நார் சாதாரண பொலியெஸ்டரை வென்றுவிடவில்லை. அது வலிமை குறைந்தது, விலை கூடியது. இன்றும் பெரும்பாலான பொலியெஸ்டர் உயர்வெப்பநிலையிலேயே சாயம் பெறுகின்றது. அறிவு கைக்கு எட்டியவுடன் தொழில் மாறிவிடுவதில்லை. கணக்கேடு அனுமதிக்கும்போதே மாறுகின்றது. அக்கணக்கேட்டில் துணியின் விலை எழுதப்பட்டது. தொழிலாளியின் மூச்சும் ஆற்றின் நீரும் நெடுங்காலம் எழுதப்படவில்லை. நிறத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் அவ்விடுபட்ட வரிகளையும் சேர்த்து எழுதுதல் கடனாகும்.