ரேடியோ நெல் பிறந்த கதை

ஆடுதுறை 27 என்பது அரசாங்கம் வைத்த பெயர். தஞ்சாவூர் விவசாயிகள் அதை ரேடியோ நெல் என்றார்கள். கண்டுபிடித்த நிலையத்தின் பெயரும் நிற்கவில்லை, தாய் தந்தை ரகங்களின் பெயரும் நிற்கவில்லை. சேதி சொன்ன பெட்டியின் பெயர் நின்றுவிட்டது. ஒருவரை ஒரு கருத்துக்கு இணங்க வைப்பது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கோ பாடம் அமெரிக்காவின் ஓஹையோவில் தொடங்குகிறது.

நெல்லின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ரகங்களுக்கு உரம் கூடுதலாகப் போட்டால் வளர்ந்து சாய்ந்துவிடும். ஜப்பான் ரகங்கள் உரத்தைத் தாங்கி நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை 1950-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு கட்டாக்கில் தொடங்கியது. நூற்றுக்கணக்கான கலப்புகள் செய்தும் தேறியவை மிகச் சில. அவற்றில் ஒன்றுதான் ஆடுதுறை 27. ஜப்பானின் நோரின் 10 ஒரு பக்கம். மறு பக்கம் 1921-இல் கோயம்புத்தூரில் வெளியான ஜி.இ.பி. 24, அதாவது நம் பக்கத்தில் கிச்சிலி சம்பா என்று பேர்பெற்ற நெல். வயது ஏறக்குறைய 105 நாள். குறுவைக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது.

1960-களின் நடுவில் இந்த விதை தஞ்சைக்கு வந்தது. தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. 1939 முதல் ஒலிபரப்பிவந்த திருச்சி வானொலி நிலையம் அதன் காதுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எந்த நாளில் நாற்று விடுவது, எத்தனை நாள் நாற்றைப் பறிப்பது, மேலுரம் எப்போது என்று நிலையம் பருவத்தோடு ஒட்டிச் சொல்லிக்கொண்டே வந்தது. பஞ்சாயத்து ரேடியோ முன்னால் ஊர் கூடியது. சில குறுவைகளுக்குள் ஆடுதுறை 27 மாவட்டமெங்கும் பரவியது.

அப்படியானால் ரேடியோ சொன்னது, ஜனங்கள் செய்தார்கள் என்று முடித்துவிடலாமா? முடியாது. இணங்க வைத்தல் என்ற படிப்பில் ஒரு முக்கியமான திருப்பம் அந்த எண்ணம் உடைந்த இடத்தில்தான் வந்தது. சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் கூட்டாளிகளும் 1940-இல் ஓஹையோவின் ஈரி மாவட்டத்தில் 600 வாக்காளர்களைத் தேர்தல் முடியும் வரை திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார்கள். பத்திரிகையும் வானொலியும் நேராக மாற்றியவர்கள் கொஞ்சம்பேரே. விஷயம் தெரிந்தவர் என்று மதிக்கப்பட்ட ஒருவர் அதைக் கேட்டு, படித்து, பக்கத்திலிருப்பவரிடம் பேசினார். அந்தப் பேச்சில் மனசு மாறியது. அயோவாவில் வீரிய மக்காச்சோளம் பரவியதை ஆராய்ந்து 1943-இல் ரயன், கிராஸ் என்ற சமூகவியலாளர்கள் எழுதியதும் இதே சேதிதான். விவசாயிகள் விதை வியாபாரி சொல்லித் தெரிந்துகொண்டார்கள், பக்கத்து வயல்காரர் சொல்லி விதைத்தார்கள். புதுமை பரவுவதை ஆராயும் துறையின் பெரிய பெயரான எவரெட் ரோஜர்ஸ் அதே அயோவாவின் விவசாயி மகன். அவர் அப்பா வீரிய விதையைப் பல வருஷம் தொடவில்லை. 1936 வறட்சியில் தம் பயிர் கருகி நிற்க, அக்கம்பக்கத்தில் வீரிய சோளம் தாங்கி நின்றதைப் பார்த்த பிறகே மாறினார்.

ரேடியோ மட்டும் போதுமா என்ற கேள்வியோடு லாசர்ஸ்ஃபெல்டின் வியன்னா நண்பர் ஒருவர் நம் நாட்டுக்கே வந்தார். நாஜி வதைமுகாம்களிலிருந்து பிழைத்த பால் நியூராத். 1956-இல் புனே சுற்றுவட்டத்தில் 150 கிராமங்களில் வானொலி மன்றங்களை அவர் ஆராய்ந்தார். வாரம் இரண்டு முறை அரை மணி நேர நிகழ்ச்சி, பத்து வாரம். கேட்டு முடித்ததும் இருபது பேர் உட்கார்ந்து விவாதிக்க வேண்டும், பிறகு செய்து பார்க்க வேண்டும். மன்றம் இருந்த ஊர்களில் புது விஷயங்களைப் பற்றிய அறிவு நன்றாகக் கூடியது. ரேடியோ மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் கூடியது சொற்பம். பெட்டி ஒன்றுதான், சுற்றி உட்கார்ந்து பேசியதுதான் வேறு.

தஞ்சையிலும் அந்தப் பேச்சு இருந்தது. கிராம சேவக் எனும் அரசு ஊழியர் சைக்கிளில் வந்தார். செயல்விளக்கத் திடலில் கதிர் நின்றது, வரப்பில் நின்று எவரும் பார்க்கலாம். ரேடியோவின் பெயர் நிலைத்தது நியாயமே. ஆனால் அந்தப் பெயருக்குள் வரப்பில் நின்ற பக்கத்து வயல்காரரும் இருக்கிறார்.

கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். ஆடுதுறை 27-க்கு விதையுறக்கம் கிடையாது. குறுவை அறுவடையில் மழை பிடித்தால் கதிரிலேயே முளைவிட்டுவிடும். பாடுபட்டு விளைந்த நெல் கண்முன்னே முளைத்து நின்றதைப் பார்த்தவருக்கு எந்த நிலையம் பேசி என்ன? ஈர நெல்லைக் காக்க வழி தேடி 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் தொடங்கிய ஆய்வுக்கூடம் வளர்ந்துதான் இன்றைக்குத் தஞ்சையில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம் ஆனது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்ட் இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் சிப்பாய்களிடம் நடத்திய சோதனைகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. ஏற்கெனவே மாற்றுக் கருத்து உள்ளவரிடம் சாதகத்தை மட்டும் சொல்வதைவிட இரண்டு பக்கத்தையும் சொல்வதே அதிகம் எடுபட்டது. பின்னால் வந்த சோதனை இன்னொன்றையும் காட்டியது. மறுபக்கத்தை முன்கூட்டிக் கேட்டவர், எதிர்வாதம் வரும்போது எளிதில் சாய்வதில்லை. ஒரு ரகத்தின் குறையையும் சேர்த்துச் சொல்பவரை விவசாயி அடுத்த பருவத்திலும் நம்புவார்.

எங்கள் பக்கம், அன்றைய வட ஆற்காடு, காவிரிப் பாசனம் இல்லாத சீமை. ஏரியும் கிணறும்தான். திருவண்ணாமலையும் 1989 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இங்கே பேசப்பட்ட நெல் ஐ.ஆர்.8. 1967 வாக்கில் அதைப் பயிரிட்டு நல்ல மகசூல் கண்ட வட ஆற்காட்டு விவசாயி ஒருவர் தம் மகனுக்கு ஐஆர்எட்டு என்றே பெயர் வைத்தார். தஞ்சையில் நெல்லுக்கு ரேடியோவின் பெயர், இங்கே பிள்ளைக்கு நெல்லின் பெயர். 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னை பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் புது நெல் என்ன செய்தது என்று கேட்க வந்ததும் இந்த மாவட்டத்துக் கிராமங்களுக்கே.

திருவண்ணாமலை மாவட்டத்தின் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் மாதந்தோறும் நடக்கிறது. சொர்ணவாரி, நவரைப் பருவங்களுக்கு விதை, உரம், கொள்முதல் பற்றி அதிகாரி ஒன்று சொல்வார், எழுந்து நிற்கும் விவசாயி ஒன்று சொல்வார். காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்களை ஆசிரியர்கள் அங்கே ஒருநாள் அழைத்துப் போக வேண்டும். போன பருவம் போட்ட ரகத்தை முதலில் யார் வாயிலாகக் கேட்டீர்கள், யார் வயலில் பார்த்த பிறகு விதை வாங்கினீர்கள் என்ற இரண்டு கேள்விகளோடு போனால் போதும். போன் இருக்கும் காலத்தில் முதல் கேள்விக்குப் பதில் மாறியிருக்கும். இரண்டாவதற்கு என்ன பதில் வருகிறது என்று மாணவர்கள் எழுதிக்கொண்டு வரட்டும்.