வன்தட்டுப் பிழைச்செய்திகள்

வன்தட்டுப் பிழைச்செய்தி என்பது வன்தட்டிலிருந்து தரவைப் படிக்கவோ அதில் எழுதவோ இயலாதபோது கணினித் திரையில் தோன்றும் அறிவிப்பு ஆகும். இதனைக் கண்டவுடன் வன்தட்டு பழுதடைந்துவிட்டது என்று முடிவு செய்வது பொதுவான தவறாகும். திரையில் தோன்றும் சொற்களை வன்தட்டு எழுதுவதில்லை. பயாஸ், தொடக்க நிரல், இயங்குதளம் ஆகியவை தத்தமக்குத் தெரிந்த அளவில் அவற்றைத் தருகின்றன. எனவே செய்தியைத் தருவது எது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கணினி தொடங்கும்போது தோன்றுபவை

பயாஸ் அமைப்புத் திரையில் வன்தட்டின் பெயரே காணப்படவில்லையெனில் மின்வடம், தரவு வடம் அல்லது வன்தட்டின் மின்சுற்று ஆகியவற்றுள் ஒன்றில் குறை இருக்கலாம். பெயர் காணப்பட்டும் இயங்குதளம் தொடங்காவிடில், சிக்கல் பெரும்பாலும் வட்டில் எழுதப்பட்டுள்ளவற்றில் இருக்கும்.

பழைய முறையில் பகுக்கப்பட்ட வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் முதன்மைத் தொடக்கப் பதிவு அமைந்துள்ளது. பிரிவினை அட்டவணைக்கு 64 பைட்டுகளும் முடிவுக் குறிக்கு 2 பைட்டுகளும் போக, 446 பைட்டுகளே எஞ்சும். நிரலும் அதன் பிழைச்செய்திகளும் இவ்விடத்திற்குள் அடங்க வேண்டும். "மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" போன்ற செய்திகள் விளக்கமின்றி இருப்பதற்கு இதுவே காரணம்.

"நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்" என்ற செய்தி பலரை அச்சுறுத்தியது. பல வேளைகளில் அதன் காரணம் இயக்ககத்தில் மறந்து விடப்பட்ட ஒரு நெகிழ்வட்டே. விண்டோஸ் எக்ஸ்பியின் "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்", விஸ்டா முதல் வந்த "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" ஆகியவையும் தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை என்பதையே குறிக்கின்றன.

இயங்குதளம் தருபவை

வன்தட்டு ஒவ்வொரு செக்டரிலும் தரவுடன் பிழைதிருத்தக் குறியையும் சேர்த்து எழுதுகிறது. படிக்கும்போது இரண்டும் பொருந்தாவிடில் பலமுறை முயன்று, பின்னரே தோல்வியை அறிவிக்கிறது. விண்டோஸ் இதனை "சைக்ளிக் ரிடண்டன்சி செக்" பிழை எனக் காட்டும். கீறல் விழுந்த குறுவட்டிலும் இதே செய்தி தோன்றுவதுண்டு.

நீலத்திரையில் தோன்றும் 0x0000007A என்னும் குறி, நினைவகத்திற்குக் கொண்டுவர வேண்டிய தரவை வட்டிலிருந்து படிக்க இயலவில்லை என்பதாகும். 0x0000007B என்பதோ தொடக்க வட்டை இயங்குதளத்தால் அணுக முடியவில்லை என்பதாகும். பயாஸில் சாட்டா கட்டுப்படுத்தியின் முறையை மாற்றினாலே இது தோன்றக்கூடும். அப்போது வன்தட்டில் குறையேதும் இராது.

இவை அனைத்திலும் ஆபத்தானது பிழை போலத் தோன்றாத ஒரு கேள்வியாகும். வட்டு வடிவமைக்கப்படவில்லை, இப்போது வடிவமைக்கலாமா என்று விண்டோஸ் கேட்கிறது. கோப்பு முறைமையின் தலைப்பகுதி சிதைந்து, கோப்புகள் அப்படியே இருக்கும்போதும் இக்கேள்வி எழும். ஆம் என்று சொன்னால் மீட்பு கடினமாகும். விஸ்டா முதல் முழு வடிவமைப்பு வட்டெங்கும் சுழியங்களை எழுதுவதால், அதன்பின் பழைய கோப்புகளை மீட்க வழியில்லை.

ஸ்மார்ட் பதிவுகள்

வன்தட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துப் பதிவு செய்யும் முறை ஸ்மார்ட் எனப்படுகிறது. ஐபிஎம் நிறுவனம் 1992இல் கொண்டுவந்த முன்கணிப்பு முறை இதன் முன்னோடியாகும். பெரும்பாலான வன்தட்டுகளில் 5 என்ற எண்ணுள்ள பதிவு, பழுதுற்றதால் மாற்றிடம் அளிக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையைத் தருகிறது. 197 படிக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருப்பவற்றைக் காட்டும். 199 உயர்ந்துகொண்டே சென்றால் முதலில் ஐயுற வேண்டியது தரவு வடத்தையே. வடத்தை மாற்றியபின் அவ்வெண் உயர்வது நிற்கும், ஆனால் குறையாது.

கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். தானியங்கிச் சோதனையில் முதல் பிழை கண்ட வன்தட்டு அடுத்த 60 நாட்களில் பழுதடையும் வாய்ப்பு, பிழையற்றதைவிட 39 மடங்கு மிகுதி எனத் தெரிந்தது. அதேவேளை, பழுதடைந்தவற்றுள் 56 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் பதிவுகளிலும் எந்த அறிகுறியையும் காட்டவில்லை. ஆகவே எச்சரிக்கை வந்தால் நம்பலாம்; வராததை நற்சான்றாகக் கொள்ள முடியாது.

தரவைக் காத்தல்

பிழை கண்டவுடன் செக்டிஸ்க் நிரலை இயக்குவது பலரின் வழக்கம். அந்நிரலின் நோக்கம் கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்துவதேயன்றிக் கோப்புகளைக் காப்பதன்று. தொடர்பிழந்த கோப்புகளை அது பெயரற்ற துண்டுகளாக மாற்றிவிடலாம். தளர்ந்த வன்தட்டை முழுதும் படிக்கச் செய்வதும் அதற்குச் சுமையே. காப்புநகல் எடுத்த பின்னரே அதனை இயக்குதல் நன்று. குனூ டிடிரெஸ்கியூ என்னும் கட்டற்ற மென்பொருள், எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டுக் கடினமானவற்றுக்குப் பின்னர் திரும்புகிறது.

வன்தட்டிலிருந்து சீரான சொடுக்கொலி எழுந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். படிக்கும் தலை தட்டின் மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் உயரத்திலேயே மிதப்பதால், வீட்டில் அதனைத் திறந்து பார்ப்பது தூசியால் தட்டையே கெடுத்துவிடும்.

திண்மநிலைச் சேமிப்பகங்களில் தலையும் சுழலும் தட்டும் இல்லாமையால் இத்தகைய ஒலி எழுவதில்லை. அவற்றுள் என்விஎம்இ வகையானவை, தம் எழுதுதிறனில் எவ்வளவு செலவாகியுள்ளது என்பதை விழுக்காடாகப் பதிவு செய்கின்றன.